பஜாரைச் சொந்தக் காசில் பராமரிக்கக் கிளம்பும் முன், கட்டடம் யாருடையது என்று பாருங்கள்

கட்டடக்காரர்களிடம் பணம் வாங்கிக் கடைத்தெருவை நாமே பராமரிக்கலாம் என்று உங்கள் ஊரில் யாராவது கிளம்பினால், சங்கத்துக்குப் பெயர் யோசிப்பதற்கு முன்னால் இதைப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அலைந்தேன். கைக்காசு எழுபதாயிரத்துக்குப் பக்கம் போனது. பஜாரில் நாலைந்து பேர் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை, வாடகைக் கட்டடத்தில். அந்த வாடகை விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

எங்கள் பஜாரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசியில் வாடைக்காற்று பிடித்து மழை இறங்கினால் வாறுகால், அதாவது ரோட்டோரச் சாக்கடைத் தண்ணீர் படியேறிக் கடைக்குள் வரும். மற்ற மாசங்களில் மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் ரோட்டில் ஓடிக் காயும். தெருவிளக்குப் போட்டால் உப்புக்காத்து ரெண்டு வருஷத்தில் தின்றுவிடும். வியாபாரிகள் சங்கம் ஒன்று பல வருஷமாக இருக்கிறது. கடையடைப்பு அறிவிப்பார்கள், திருவிழாவுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் வசூல் பண்ணுவார்கள், அதோடு சரி. பேரூராட்சியைக் குறை சொல்லியும் பயனில்லை, ஊர் முழுக்கவே கைவிரல் விட்டு எண்ணுகிற ஆட்களை வைத்துத்தான் கூட்டுகிறார்கள்.

என் தம்பி டொராண்டோவில் மளிகைக்கடை வைத்திருக்கிறான். ஒருநாள் போனில் புலம்பிக்கொண்டிருந்தபோது, அவன் கடைத்தெருவில் விளக்கு, பூந்தொட்டி, குப்பை எல்லாவற்றையும் கடைத்தெருக்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றான். காசு எப்படி வருகிறது என்று கேட்டேன். வணிகக் கட்டடங்களின் சொத்து வரியோடு சேர்த்து நகராட்சியே ஒரு கூடுதல் தொகையை வசூல் செய்து, அந்தத் தெருவுக்கென்று இருக்கிற குழுவிடம் அப்படியே கொடுத்துவிடுமாம். இந்த ஏற்பாடு உலகத்திலேயே முதலில் தொடங்கியது அவன் ஊரில்தான், புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்கிற கடைத்தெருவில், 1970-இல். சுரங்க ரயிலும் பெரிய வணிக வளாகங்களும் வந்து தெருவில் கூட்டம் குறைந்ததால், கடைக்காரர்களே கேட்டு வாங்கியது. பிறகு அமெரிக்கா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று பரவியிருக்கிறது. நான் தேடிப் படித்ததில் கலிபோர்னியாவின் 1994-ஆம் வருஷச் சட்டம் பிடித்திருந்தது. மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கட்டப்போகிற சொத்துக்காரர்கள் முதலில் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் எல்லாருக்கும் தபாலில் ஓட்டுச்சீட்டுப் போகும். யார் எவ்வளவு கட்டுகிறாரோ அந்த அளவுக்கு அவர் ஓட்டுக்கு எடை. பெரிய கட்டடக்காரர் கை ஓங்கும் என்பது உண்மைதான். ஆனால் வேண்டுமென்று முடிவானால் எல்லாரும் கட்டியாக வேண்டும், ஒருத்தரும் நழுவ முடியாது.

அந்தக் கடைசி வாக்கியம்தான் நம் ஊரில் கிடையாது. ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன், 5,000 ரூபாய் ஆலோசனைக் கட்டணம். அவர் அரசியல் சட்டத்தின் 265-ஆவது பிரிவைச் சொன்னார்: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ முடியாது. "சொத்துக்காரங்க ஓட்டுப் போட்டுத் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கிற ஏற்பாடு நம்ம நகர்ப்புறச் சட்டத்துல இல்லம்மா. நீங்க வாங்குறது நன்கொடை, இல்லேன்னா சந்தா. நோட்டீஸ்ல வரிங்கிற வார்த்தையே வரக்கூடாது" என்றார். அந்த 5,000 மட்டும் வீண்போகவில்லை. நீங்களும் 'பஜார் வரி', 'கட்டாயக் கட்டணம்' என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள், பேச்சுக்குக்கூடச் சொல்லாதீர்கள். 'பராமரிப்புச் சந்தா' என்று எழுதி, அவரவர் விருப்பப்படி தருவதாக ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். தராதவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது என்பதை முதல் நாளே மனசில் ஏற்றிக்கொண்டுதான் பட்ஜெட் போட வேண்டும். நூறு பேரில் அறுபது பேர் தருவார்கள் என்று போட்டால் நாற்பது பேர் தருவார்கள்.

சரி, சட்டம் இல்லாவிட்டாலும் கணக்கை அதே மாதிரி போடலாமே என்று நினைத்தேன். ஒவ்வொரு கட்டடத்தின் அரையாண்டுச் சொத்து வரியில் இத்தனை சதவீதம் என்று வைத்தால் பெரியவர் பெரிசாகவும் சிறியவர் சிறிசாகவும் தருவார்கள். நியாயமாகத்தான் பட்டது. பஜாரின் வரிப் பட்டியல் வேண்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெயர்களைக் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுக்க இடம் உண்டு. அதனால் வரிவிதிப்பு எண், பயன்பாடு வீடா கடையா, பரப்பு, அரையாண்டு வரி, இந்த நாலை மட்டும் கேளுங்கள். பெயர்களைத் தெருவில் விசாரித்துக்கொள்ளலாம்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பஜாரில் நடந்து பார்த்தபோதுதான் தலை சுற்றியது. நான் எண்ணியது 110 கடைகளுக்கு மேல். பட்டியலில் அதில் பாதி எண்கள்கூட இல்லை. ஒரே எண்ணுக்குள் ஏழு ஷட்டர். கீழே மூணு கடை, மேலே குடோன், பதிவேட்டில் 'குடியிருப்பு'. பத்து வருஷத்துக்கு முன் பின்பக்கம் நீட்டிக் கட்டியது பரப்பில் ஏறவே இல்லை. யாரையும் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை, நம் பக்கம் எந்தக் கடைத்தெருவிலும் இப்படி நாலு இருக்கும். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். 2022-இல் வரி உயர்ந்ததில் கடைக் கட்டடங்களுக்குத்தான் அதிகமாக ஏறியது, அந்தச் சூடு ஆறவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி வரிப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தால் என்ன நினைப்பார்கள்? "யாருக்கு வேவு பாக்குற?" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டார். எனக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. வரி ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கோ வேறு கோபம்: "சரியா அளந்து காட்டுனவன் கூடத் தரணும், மறைச்சவன் கொறச்சுத் தரணும், நல்ல நியாயம்மா ஒன்னோடது!" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே வரியை அளவுகோலாக வைக்காதீர்கள். வெளிநாட்டில் அது ஓடுவதற்குக் காரணம் பதிவேடும் கட்டடமும் ஓரளவுக்கு ஒத்துப்போவதுதான். கலிபோர்னியாவிலேயே பல இடங்களில் வரி மதிப்பை விட்டுவிட்டு, தெருவைப் பார்த்த முகப்பின் நீளம், மனைப் பரப்பு, கட்டடப் பரப்பு என்று அளந்துதான் பங்கு போடுகிறார்கள். நானும் முகப்புக்கு மாறினேன். அடிக்கு மாசம் 15 ரூபாய். பத்தடி வாசல் என்றால் 150. டேப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றால் யாருக்கும் பயம் வரவில்லை, ஒருத்தருக்கொருத்தர் அளந்தே காட்டினார்கள். எல்லாரும் தந்தால் மாசம் 18,000 சொச்சம் வரும். காலையில் கூட்ட இரண்டு பேருக்கு 12,000, மிச்சத்தில் வாறுகால் தூர் வாருவது, விளக்கு.

அடுத்து, யாரிடம் கேட்பது? கடையில் உட்கார்ந்திருப்பவர் வேறு, கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வேறு. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் பாதிப் பேர் துபாய், மலேசியா, சென்னை என்று இருக்கிறார்கள். வாடகையை ஒரு மச்சானோ மருமகனோ வாங்கி அனுப்புவார். அவருக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் கிடையாது. சில கட்டடங்கள் பாகம் பிரிக்காதவை, வரி ரசீது இறந்துபோன தாத்தா பெயரில், பங்குதாரர் ஒன்பது பேர், அதில் மூணு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. சில கடைகள் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குத் தானமாக வந்த வக்ஃப் சொத்து, சில கோயிலுக்குச் சொந்தம். ஜமாஅத் நிர்வாகி நல்ல மனுஷர். "தங்கச்சி, எனக்குச் சம்மதந்தான். ஆனா வக்ஃப் காசுல நிர்வாகக் குழுத் தீர்மானம் இல்லாம ஒத்த ரூவா எழுத முடியாது" என்றார். கோயில் பக்கமும் அதே பேச்சு, மேலிடத்து உத்தரவு வேண்டும். பஜாரின் முக்கிலும் நடுவிலும் இருக்கிற நல்ல கடைகளெல்லாம் இவர்களுடையவை. இவர்கள் இல்லாமல் தெருவின் கணக்கில் பெரிய ஓட்டை விழுகிறது. கலிபோர்னியாவில் அரசுக்குச் சொந்தமான சொத்துக்கும் பொதுவாக விலக்குக் கிடையாது, அதுவும் தன் பங்கைக் கட்ட வேண்டும். நம் ஊரில் இவர்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அவர்கள் கூட்டம் எப்போது கூடுகிறது என்று விசாரித்து, அந்தத் தீர்மானத்தைக் கையில் வாங்கிய பிறகு மற்றவர்களிடம் போங்கள். "ஜமாஅத்து தருது, கோயில் தருது" என்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. எனக்கு அந்த ஒரு வார்த்தை கடைசிவரை கிடைக்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டேன். வாடகை, டீ, வடை, மைக் செட் எல்லாம் சேர்த்து 11,500. வாடகைக்காரர்கள் ஒரு பக்கம், கட்டடக்காரர்கள் ஒரு பக்கம் என்று கல்யாண வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்கள். பாத்திரக்கடை அண்ணாச்சி எழுந்து, "கட்டடம் அவுகளோடது. வாறுகால் சரியானா அவுக கட்டடத்துக்குத்தான் மதிப்புக் கூடும், நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றார். முன்வரிசையில் கட்டடக்காரர் காக்கா ஒருத்தர் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) திரும்பிப் பார்த்து, "கூட்டம் வந்தா யாவாரம் யாருக்கு? ஒங்களுக்கா எங்களுக்கா?" என்றார். இரண்டுமே நியாயம்தான். ஆனால் வாடகைக்காரர்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று இருந்தது, கூட்டம் முடிந்து தனித்தனியாக வந்து சொன்னார்கள்: தெரு நன்றாக ஆனதும் கட்டடக்காரர் அதையே காட்டி வாடகையை ஏற்றுவார், நம் காசைக் கொடுத்து நமக்கே சூடு வைத்துக்கொள்வதா? இதைவிடப் பெரிய கேள்வி என்னைப் பற்றி. "கட்டடமே இல்லாதவ கட்டடக்காரங்க கிட்ட வசூல் பண்ண வந்திருக்கா" என்று பின்வரிசையில் ஒருத்தர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. தம்பியிடம் சொன்னபோது, அவன் ஊரில் வாடகைக்காரரும் அந்த அமைப்பில் உறுப்பினர்தான் என்றான். அமைப்பு தொடங்கப்போகிற நோட்டீஸ் கட்டடக்காரருக்கு வரும், அவர் அதன் நகலை வாடகைக்காரருக்குத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறதாம்.

பிறகு ஒப்புதல் கடிதத்தை மாற்றி எழுதினேன். முகப்புச் சந்தாவில் பாதி கட்டடக்காரர், பாதி வாடகைக்காரர். இந்தப் பராமரிப்பைக் காரணம் காட்டி இரண்டு வருஷத்துக்கு வாடகை ஏற்றுவதில்லை. வாடகைக்காரர் காலி செய்தால் அவர் பங்கு அவரோடு முடிந்துவிடும், கட்டடக்காரர் பங்கு தொடரும். ஒரு கட்டடத்துக்கு ஒரு கடிதம், இரண்டு கையெழுத்து. வெளிநாட்டில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் கையெழுத்திட்டுப் படம் எடுத்து அனுப்பினால் போதும். கோர்ட்டுக்குப் போக அல்ல, பின்னால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லாமலிருக்க. நீங்கள் தொடங்கும்போது முதல் கடிதத்தையே இப்படி எழுதிவிடுங்கள், ஒருமுறை கையெழுத்துப் போட்டவரிடம் மறுபடி போய் நிற்பது எவ்வளவு கூச்சம் என்று போனால்தான் தெரியும்.

சங்கப் பதிவு அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. 1975-ஆம் வருஷச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. விதிமுறை எழுதியது, பான் கார்டு, ரப்பர் ஸ்டாம்ப், போக்குவரத்து எல்லாம் சேர்த்து எனக்கு 9,000 ஆனது. வங்கிக் கணக்கில் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். ஒருவர் கட்டடக்காரர், ஒருவர் வாடகைக்காரர்.

வாறுகாலுக்கு வருகிறேன். தூர் வாருவது வேறு, புதிதாகக் கட்டுவது வேறு. கட்டுவதற்கு 'நமக்கு நாமே' திட்டத்தில் நம் பங்காக மூன்றில் ஒரு பகுதியைக் கட்டினால் மீதியை அரசு போடும். நல்ல திட்டம், பல ஊர்களில் வேலை நடந்திருக்கிறது. தனியார் என்ஜினீயரை வைத்து அளந்து வரைபடம் எடுத்தேன், 12,000. வரைபடத்தை நீட்டியபோதுதான் தெரிந்தது, ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, பேரூராட்சி அங்கே மண்ணைத் தோண்ட அவர்களுடைய தடையின்மைச் சான்று வேண்டும். சான்றுக்கான கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருந்தது. இடையில் அதிகாரி மாறினார், எஸ்டிமேட் பழசாகிவிட்டது. காசு செலவழிக்கும் முன் பேரூராட்சியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ரோடு யாருடையது, வாறுகால் யாருடையது? உள் தெரு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். மெயின் ரோடு என்றால் கூட்டுவது, விளக்கு என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்குக்கும் ஒரு வார்த்தை: வெறும் இரும்புக் கம்பமும் இரும்புக் குப்பைத் தொட்டியும் கடற்கரையில் வேண்டாம், கால்வனைஸ் செய்த கம்பமும் பிளாஸ்டிக் தொட்டியும் வாங்குங்கள். பொதுத் தெருவிளக்கின் மின் இணைப்பு பேரூராட்சி பெயரிலேயே இருக்கட்டும், சங்கத்தின் பெயரில் எடுத்தால் காலத்துக்கும் பில் உங்கள் தலையில்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டடக்காரர்களில் சிலர் கையெழுத்துப் போட ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ரோட்டோரம் உட்கார்ந்து மீன் விற்கிற பொம்பளைகளைக் கிளப்ப வேண்டும். இந்த மாதிரிச் சங்கங்கள் வெளிநாட்டிலும் இதற்காகத்தான் அதிகம் திட்டு வாங்குகின்றன, வீடில்லாதவர்களையும் நடைபாதைக்காரர்களையும் தெருவைவிட்டு விரட்டுகின்றன என்று. நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 2014-ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்துச் சான்று கொடுக்காமல் அவர்களைக் கிளப்பவும் முடியாது, நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களுடைய பிரதிநிதிகள் இருக்க வேண்டும். மூணு கையெழுத்து இதனால் போயிற்று. எனக்கு வருத்தமில்லை. அவர்களிடம் சந்தா கேட்கலாம் என்று வேறு சிலர் சொன்னார்கள். வசூல் உரிமையை ஏலம் எடுத்தவருக்கு அவர்கள் உட்காருகிற இடத்துக்குத் தினமும் தரைக்காசு கொடுக்கிறார்கள், அதற்கு மேல் நாமும் கைநீட்டுவது நியாயமில்லை. ஐஸ் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுங்கள் என்று மட்டும் கேட்டோம், பெரும்பாலும் செய்தார்கள்.

கூட்டுவதற்கு இரண்டு அக்காமாரை வைத்து, தை மாசம் வேலை ஆரம்பித்தது. மூணு மாசம் வசூல் சுமாராக நடந்தது, தெரு பார்க்கவே வேறு மாதிரி இருந்தது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஏப்ரல் 15 வந்தது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் எங்கள் பஜாரில் பாதிக் கல்லா திறக்காது. சந்தா கேட்டுப் போனால் "தடை முடியட்டும்" என்றார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் கூட்டுகிற அக்காவுக்குத் தடைக்காலம் என்று சாப்பாடு நிற்குமா? இரண்டு மாசச் சம்பளம் 24,000 நான் போட்டேன். தடை முடிந்தபின் அந்த இரண்டு மாசப் பாக்கியை யாரும் தரவில்லை, அதைக் கேட்டதே சிலருக்குக் கோபம். கடற்கரை ஊரில் பன்னிரண்டு மாசச் சந்தா என்று போடாதீர்கள். பத்து மாசத்தில் வருஷத்துச் செலவை வாங்குகிற மாதிரி கணக்குப் போட்டு, தடைக்குரிய இரண்டு மாசச் சம்பளத்தைப் பங்குனிக்குள் தனியாக எடுத்து வங்கியில் வைத்துவிடுங்கள். அது சேராவிட்டால் அந்த வருஷம் ஆளை வைக்காதீர்கள்.

ஆவணிக்குள் மெயின் ரோட்டில் சந்தா தருபவர்கள் முப்பது பேருக்குக் கீழே வந்துவிட்டார்கள். தந்தவர் தராதவரைப் பார்த்து நிறுத்துவது, அவரைப் பார்த்து அடுத்தவர் நிறுத்துவது. கணக்கை எழுதிக் கடை வாசலில் ஒட்டி, மீதியிருந்த பணத்தை அடிக்கணக்குப்படி பிரித்துத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொன்னவர்களிடமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். தயவுசெய்து நீங்களும் வாங்குங்கள், ஊர் வாய் பொல்லாதது.

முழுக்க அழிந்துபோகவில்லை. பஜாரிலிருந்து கடலுக்குப் போகிற சந்து ஒன்றில் இருபது சொச்சம் கடைகள், கட்டடம் இரண்டே குடும்பத்துக்குச் சொந்தம், ரோடு பேரூராட்சியுடையது. அங்கே மட்டும் அடிக்கு 15 ரூபாய் இன்னமும் வருகிறது. ஒரு அக்கா காலையில் வந்து கூட்டிவிட்டுப் போகிறார், மழைக்கு முன்னால் தூர் வாருகிறார்கள். வசூல் பண்ணுவது நானல்ல, அந்தச் சந்தில் ஒரு கட்டடக்காரரின் மகன். அவனிடம் யாரும் "நீ யாரு" என்று கேட்பதில்லை. வாடகைக்காரர் ஓடலாம், எழுதலாம், கணக்குப் பார்க்கலாம். வாசலில் போய்க் கேட்கிற ஆள் கட்டடக்காரராக இருந்தால் நல்லது.

ஒன்று விட்டுப்போயிற்று. பதிவு செய்த சங்கம் தூங்கினாலும் வருஷா வருஷம் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். முறைப்படி கலைப்பதற்கும் பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போட வேண்டும், அதற்கு ஆள் வர வேண்டும். அதனால் இந்த வருஷப் படிவத்தையும் நான்தான் நிரப்பி வைத்திருக்கிறேன். பொருளாளர் துபாய்க்குப் போய்விட்டார், ரம்ஜானுக்கு வரும்போது கையெழுத்துப் போடுகிறாராம்.